ஆறு மாதத்தில் போய்விடும் சுருள்

என் தங்கை சந்திரகலா 1961ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளானில் பிறந்தபோது, அம்மா முதலில் குழந்தையின் கை கால்களைப் பார்த்தார், பிறகு தலையைப் பார்த்தார், அதன் பிறகு அப்பாவை முறைத்துப் பார்த்தார். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர், எதற்கும் வாய் திறக்காதவர். இந்தச் சுருட்டை முடி யார் பக்கத்துச் சொத்து என்ற விசாரணை அன்றைக்குத் தொடங்கியது. குற்றவாளி அகப்படவில்லை. அதனால் தண்டனையை முடிக்கே கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு நேரான முடி. அதை நானே பாடுபட்டுச் சம்பாதித்ததுபோல, வீட்டுக்கு வருகிறவர்கள் என் பின்னலைத் தடவிப் பாராட்டுவார்கள். அடுத்து சந்திராவின் பக்கம் திரும்பி, "இவளுக்கு வேற எண்ணெய் மாத்திப் பாருங்களேன்" என்பார்கள். எண்ணெய் மாற்றி மாற்றி, பிசுக்கேறி அவள் நெற்றி எப்போதும் பளபளத்தது. சுருட்டை முடிக்காரி பிடிவாதக்காரி என்று ஊரில் ஒரு நம்பிக்கை வேறு. அவள் சோற்றில் உப்பு குறைவு என்று சொன்னாலும், "பாத்தியா, முடி பேசுது" என்பார் அம்மா. அந்த நாட்களில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது எனக்கு அதில் வெட்கம்தான்.

அவளுக்குப் பதினான்கு வயதானபோது அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கண்டுபிடித்தார். அதாவது, அது தலைக்கும் உதவும் என்பதைக் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரப் பெண்கள் செய்கிறார்களாம், பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். மேசையில் சந்திராவின் தலையைச் சாய்த்து, முடியைப் பரப்பி, மேலே பழுப்புக் காகிதத்தைப் போட்டுத் தேய்ப்பார். காலையில் முதலில் அப்பாவின் கால்சட்டை, அடுத்து என் பள்ளிச் சட்டை, அடுத்து என் தங்கை. மூன்றில் கால்சட்டை மட்டும்தான் மாலைவரை மடிப்புக் கலையாமல் இருந்தது. கிள்ளானின் ஈரக் காற்றில் சந்திரா பேருந்து நிறுத்தத்தை அடைவதற்குள் முடி பழையபடி சுருண்டுகொள்ளும். காதோரம் சுட்டுக்கொண்ட தழும்பு மட்டும் நிலைத்தது.

பள்ளி முடித்துச் சில காலம் வீட்டில் இருந்தவளுக்கு 1982இல் வேலை கிடைத்தது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு முடி அலங்காரக் கடையில், வருகிறவர்களின் தலையைக் கழுவும் வேலை. கடைக்காரர் மேடம் லிம் என்ற சீனப் பெண்மணி. முதல் நாளே சந்திராவின் தலையைப் பார்த்துவிட்டு ஒரு துணியை எடுத்துக் கொடுத்து, கட்டிக்கொள் என்றார். கடையில் வேலை செய்கிறவளின் முடியே இப்படி இருந்தால் கடைக்கு யார் வருவார்கள் என்பது அவர் கவலை. எட்டு மாதம் அவள் தலையில் துணியோடு வேலை செய்தாள். காலையில் வீட்டில் இஸ்திரி, பகலில் கடையில் துணி. சிறைச்சாலையில்கூடக் கைதிக்கு ஒரு காவல்தான் இருக்கும்.

அப்போதுதான் ஊருக்கே சுருட்டை வெறி பிடித்தது. வங்கியில் வேலை செய்கிறவர்கள், ஆசிரியைகள், தொழிற்சாலைப் பெண்கள் என்று சீனர், மலாய்க்காரர், தமிழர் வேறுபாடில்லாமல் எல்லாருக்கும் பெர்ம் வேண்டும், அதாவது மருந்து போட்டுச் சுருட்டிய முடி. மூன்று மணி நேரம் தலை நிறைய ரோலர்களோடு, அழுகிய முட்டை வாடையில் உட்கார்ந்து, அறுபது வெள்ளி கட்டணம் கொடுத்துவிட்டு, என் தங்கைக்குப் பிறவியிலேயே வாய்த்ததில் பாதியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் தலை கழுவிக்கொண்டிருந்தபோது சந்திராவின் தலைத்துணி அவிழ்ந்து விழுந்தது. நாற்காலியில் இருந்த ஆசிரியை ஒருவர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு இதே மாதிரி வேணும்" என்று கையைக் காட்டினார். மேடம் லிம் வியாபாரி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அது எங்கள் கடைப் பெர்ம்தான், ஜப்பான் லோஷன், விலை கொஞ்சம் கூடுதல் என்றார். மறுநாளிலிருந்து சந்திரா துணி கட்டக்கூடாது, முடியை விரித்துவிட்டுத்தான் வேலைக்கு வரவேண்டும் என்று உத்தரவு.

அப்படியாக இருபத்திரண்டாம் வயதில் என் தங்கை முதல்முறையாகத் தன் சொந்தத் தலையோடு வெளியே போனாள். அதற்கும் ஒரு பொய் தேவைப்பட்டது. அவள் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: தலைக்குக் குளித்து, ஈரத்திலேயே பெரிய பல் சீப்பால் ஒருமுறை வாரி, அப்பாவின் பழைய பனியனால் பிழிந்து விட்டுவிடுவாள். மொத்தம் ஐந்து நிமிடம். பேருந்து கோலாலம்பூர் போய்ச் சேர்வதற்குள் தானாகக் காய்ந்துவிடும். இருபது வருடப் போருக்குப் பிறகு தெரிந்தது, எதிரி சண்டைக்கே வரவில்லை என்று.

அம்மா முதல் இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி அக்கா வேலியோரம் நின்று, "சந்திரா பெர்ம் பண்ணிக்கிச்சா? எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். அம்மாவின் அழுகை அந்த இடத்திலேயே நின்றது.

"ஜப்பான் லோஷன் லா. அறுபது வெள்ளிக்கு மேல ஆச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க கேக்குதுங்களா?" என்றார். குரலில் இருந்த பெருமை எனக்கு நன்றாகக் கேட்டது. சும்மா கிடைத்தபோது சாபமாக இருந்த முடி, காசு கொடுத்து வாங்கியது என்றதும் நாகரிகமாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை விஜயன், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவருடைய அப்பா பக்கிரிசாமிக்கு ரயில்வேயில் வேலை, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீடு. விஜயனின் அம்மா லோகாம்பாள். அந்த வீட்டில் முடிவெடுக்கும் துறை முழுக்க அவரிடம்தான் இருந்தது. எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டையோடு வந்து உட்கார்ந்தவர், பலகாரத்தைத் தொடாமல் சந்திராவின் தலையையே பார்த்தார்.

"என்னாம்மா முடி இது?"

அம்மாவுக்கு இரண்டு வழி இருந்தது. உண்மையைச் சொல்லலாம். அம்மா எப்போதும்போல மற்றதைத் தேர்ந்தெடுத்தார். "பெர்ம்ங்க. சலூன்ல வேலைன்னா வச்சுக்கிட்டே ஆகணுமாம், முதலாளி ரூல்ஸ். ஆறு மாசத்துல போயிடும்."

லோகாம்பாள் அப்போதுதான் ஒரு பலகாரத்தை எடுத்தார். "சரி, பொண்ணு பரவால்ல. முடி மொதல்ல போகட்டும். அப்புறம் நாள் குறிப்போம்."

ஆக, ஜாதகம் பொருந்தியும், குடும்பம் பிடித்தும், என் தங்கையின் கல்யாணம் அவள் முடி நேராகும்வரை ஒத்திவைக்கப்பட்டது. உலகத்தில் வேறெந்தக் கல்யாணமாவது இந்தக் காரணத்துக்காகத் தள்ளிப்போயிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

விஜயனைச் சந்திராவுக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் மாலை அவளுடைய பேருந்து நிறுத்தத்துக்கே வந்து, "எனக்கு உங்க முடி புடிச்சிருக்கு. ஆனா அம்மா சொல்றதுதான்" என்று சொன்னாராம். நல்லவர் என்பதையும் அம்மா பிள்ளை என்பதையும் இரண்டே வாக்கியத்தில் தெரிவித்துவிட்டார். சந்திரா முதல் வாக்கியத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாள்.

அந்த ஆறு மாதமும் லோகாம்பாள் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிற வழியில் கடை வாசலில் நின்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பார். சுருள் குறைந்திருக்கிறதா என்று சோதனை. குறையவில்லை. இரண்டாம் மாதம் ஆள் விட்டுக் கேட்டார். "நல்ல லோஷன்ங்க, லேசுல போகாது" என்றார் அம்மா. நான்காம் மாதம் மறுபடி கேட்டார். "மேலாக்க போயிடுச்சு, அடியில மட்டும்தான் இருக்கு" என்றார் அம்மா. ஆறாம் மாதம் லோகாம்பாள், வருகிற சனிக்கிழமை கடைக்கே நேரில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மாலை அம்மா இஸ்திரிப் பெட்டியைத் துடைத்து எடுத்து வைத்தார். "நாளைக்கு ஒரு நாள் தேய்ச்சுக்கிட்டுப் போ. கல்யாணம் முடியட்டும்."

"முடிஞ்ச பிறகு?" என்றாள் சந்திரா.

"பிறகும் தேய்ச்சுக்க வேண்டியதுதான். அவரு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி எழுந்திரிச்சா ஆச்சு."

"ஆயுசு முழுக்கவாம்மா?" என்று கேட்டாள். அவள் குரல் உடைந்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். அவளுக்கு விஜயன் வேண்டும். அதற்காகத் தினமும் விடியுமுன் எழுந்து தன்னை மறைத்துக்கொண்டு வாழ அவளால் முடியாது. இரண்டில் எதை விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை அவள் இஸ்திரியைத் தொடாமல் முதல் பேருந்திலேயே கிளம்பிவிட்டாள். அம்மா என்னை எழுப்பி, "ஓடு. அவ உண்மையைக் கிண்மையைச் சொல்லித் தொலைக்கப்போறா. வாயை அடைச்சு வை" என்றார். இப்படித்தான் நான் அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கடையில் மூன்று பெண்கள் தலைக்கு மேல் இரைகிற உலர்த்திகளுக்கு அடியில் இருந்தார்கள். பத்து மணிக்கு லோகாம்பாள் உள்ளே வந்தார். நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் சந்திரா அவர் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"ஆன்டி, இது பெர்ம் இல்ல. பொறந்ததுலேருந்து இப்படித்தான். ஆறு மாசம் இல்ல, அறுபது வருஷம் ஆனாலும் போகாது. அம்மா பயந்துக்கிட்டு சொல்லிட்டாங்க. என்னால அயர்ன் பண்ணிக்கிட்டு உங்க வீட்டுல வாழ முடியாது. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

மேடம் லிம்முக்குத் தமிழ் தெரியாது. லோஷனைப் பற்றித்தான் விளக்குகிறாள் என்று நினைத்து, சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். கடையின் வியாபார ரகசியம் முழுவதும் அவர் கண்ணெதிரிலேயே அம்பலமாகிக்கொண்டிருந்தது.

லோகாம்பாள் கோபப்படுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் திரை போட்ட கழுவும் இடத்தைக் காட்டி, "அங்க யாரும் வருவாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றாள் சந்திரா. "வா, என் தலையைக் கழுவி விடு" என்று அவரே முன்னால் நடந்தார். வாயை அடைக்க வந்த நான் துண்டை ஏந்திக்கொண்டு பின்னால் போனேன்.

கொண்டையிலிருந்து சந்திரா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். இருபத்திரண்டு இருந்தன. எண்ணெய் போக மூன்று முறை ஷாம்பூ போடவேண்டியிருந்தது. மூன்றாவது முறை தண்ணீர் ஊற்றியபோது அவள் கை அப்படியே நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். நரைத்த முடி, நுனியிலிருந்து வேர்வரை சுருள் சுருளாக ஏறிக்கொண்டிருந்தது. என் தங்கையின் முடியைவிட நெருக்கமான சுருள்.

"முப்பது வருஷம்" என்றார் லோகாம்பாள், கண்ணை மூடியபடியே. "விடிகாலையில எழுந்து எண்ணெய் வச்சு இழுத்துக் கட்டிடுவேன். ஒரு நாள் தவறினதில்ல. உன் மாமனாருக்கே தெரியாது."

மாமனார் என்று சொன்னதை அவர் கவனித்தாரோ இல்லையோ, நான் கவனித்தேன். சந்திராவும் கவனித்தாள். அவள் கண்ணீர் அவர் நெற்றியில் விழுந்தது. லோஷன் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டார்.

சந்திரா அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, தனக்குச் செய்வதையே செய்தாள். பெரிய பல் சீப்பால் ஒருமுறை வாரினாள், துண்டால் பிழிந்தாள், விட்டுவிட்டாள். ஐந்து நிமிடம். கண்ணாடியில் தெரிந்த பெண்ணுக்கு லோகாம்பாளைவிடப் பத்து வயது குறைவு. அவர் வெகுநேரம் பார்த்தார். ஒரு சுருளை இழுத்து விட்டார், அது துள்ளித் திரும்பியது. அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"கட்டி விடு" என்றார்.

"ஏன் ஆன்டி? எவ்வளவு நல்லா இருக்கு."

"நல்லா இருக்கறதாலதான் சொல்றேன், கட்டு. அசிங்கமா இருந்திருந்தா மறைச்சதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும். இதைப் போயி முப்பது வருஷம் மறைச்சேன்னு இப்ப எப்படி வெளியே போறது?"

சந்திரா இருபத்திரண்டு ஊசிகளையும் திரும்பக் குத்தினாள்.

திரைக்கு வெளியே மேடம் லிம் விலைப்பட்டியலோடு தயாராக நின்றார். ஆன்டிக்கும் பெர்ம் பண்ணலாமே, சந்திராவுக்கு இருப்பதுபோலவே வரும், ஆறு மாதம் உத்தரவாதம் என்று மலாய் மொழியில் ஆசை காட்டினார். லோகாம்பாள் பாசார் கூடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி நின்று சந்திராவைப் பார்த்தார்.

"வர்ற வாரம் நாள் குறிக்க வரோம்னு உங்கம்மாகிட்ட சொல்லு. இன்னொன்னும் சொல்லு. கல்யாணத்தன்னிக்கு நீ முடியைத் தேய்ச்சுக்கிட்டு மேடை ஏறினே, நான் எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன்."