நூல் கடித்த பல்

டாக்டர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கும் அந்தக் கூடத்தில் பதினோரு மெஷின்கள். ஜன்னலோர மெஷினில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவளைக் 'கத்தரிக்கோல் அக்கா' என்பார்கள். கேலிப் பெயர்தான். அவள் கத்தரிக்கோலைத் தொடவே மாட்டாள். தையல் முடிந்ததும் குனிந்து, முன்பல்லால் நறுக்கென்று நூலைக் கடித்துவிடுவாள்.

ஒருநாள் காலர் ஓரத்தில் கடுகளவு சிவப்புப் பொட்டு. ஊசி குத்தியிருக்கும் என்று விரலைப் பார்த்தாள். விரலில் ஒன்றுமில்லை. வாயில்தான் துரு ருசி. யாரும் பார்க்கும் முன் குழாயடியில் சோப்புப் போட்டு அலசி, ஈரக் கோட்டை அடுக்கின் அடியில் தள்ளினாள்.

அவளுடைய சித்தப்பாவுக்கும் இப்படித்தான் வாயில் ரத்தம் வந்தது. பேர் சொல்லக் கூடாத வியாதி, வாய்ப் புற்று. ஒன்றரை வருஷம்கூடத் தாங்கவில்லை. அதனால் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிரஷ் பட்டால்தானே ரத்தம் வருகிறது என்று, கீழ்வரிசையைத் தேய்ப்பதையே விட்டுவிட்டாள். வெறுமனே வாய் கொப்பளிப்பதோடு சரி.

ஒரு மாதத்தில் ஈறு கன்றிச் சிவந்து வீங்கியது. மென்றாலே ரத்தம் கசிந்தது. பேசும்போது கை தானாக வாயை மூடியது. நாக்கால் தள்ளினால் கீழ்முன்பல் ஒன்று லேசாக அசைந்தது. அன்று முழுக்க நாக்கு அந்தப் பல்லைவிட்டு வரவே இல்லை. அசைகிறதா, இன்னும் அசைகிறதா என்று அதே வேலை.

கணவர் பஸ் டிரைவர். வீட்டில் வாய் ஓயாமல் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கிற மனுஷன். ஒரு வாரமாக அவர் சொன்ன எதற்கும் அவள் சிரிக்காதது அவருக்கு உறுத்தியது. காலையில் தலையணை உறையில் ரத்தக் கறையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதற்குமேல் அவளால் மறைக்க முடியவில்லை. சித்தப்பா கதைவரை கொட்டிவிட்டாள்.

அவர் கேலி பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்பு, நானும் வர்றேன்" என்றார்.

பல் டாக்டர் சின்னப் பெண். ஈறைச் சுற்றி மெல்லிய கம்பியால் அளந்தாள், எக்ஸ்ரே படம் எடுத்தாள். பிறகு பற்களில் ஏதோ சாயத்தைத் தடவிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். பல்லும் ஈறும் சேருமிடமெல்லாம் அடர் சிவப்பு. கத்தரிக்கோல் அக்கா கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இவ்வளவும் ரத்தமா?"

"ரத்தமில்லக்கா, இது சாயம். பல்லுமேல அழுக்கு எங்க படிஞ்சிருக்கோ அங்க ஒட்டிக்கும். அதுல கிருமி இருக்கு. தேய்க்காம விட்டா கல்லு மாதிரி இறுகிடும், ஈறும் புண்ணாகும். ரத்தம் வருதுன்னு பிரஷ்ஷை நிறுத்தினீங்க பாருங்க, அதுதான் தப்பாப் போச்சு."

சித்தப்பாவுக்கு வந்ததுதானோ இது என்ற கேள்வி அவளுக்குள் இருந்தது. கணவர்தான் கேட்டார். அந்த மாதிரி கட்டியோ ஆறாத புண்ணோ எதுவும் தெரியவில்லை, சுத்தம் பண்ணியபிறகும் ரத்தம் நிற்காவிட்டால் கட்டாயம் வரவேண்டும் என்றாள் டாக்டர்.

இரண்டு தடவை வரவழைத்து, பல்லில் கல்லாக இறுகியிருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள். பல்லிடுக்கில் காற்றுப் புகுந்து கூசியது. பல்லையே தேய்த்துவிட்டார்களோ என்று மறுபடியும் பயந்தாள். வீக்கம் வற்றியதால் இடுக்கு தெரிகிறது, இறங்கின ஈறு பழையபடி ஏறாது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னாள். நூல் கடிப்பதையும் விடச் சொன்னாள்.

காலையிலும் ராத்திரியிலும் கண்ணாடிமுன் நின்று, மிருதுவான பிரஷ்ஷால் ஈறோரமாகப் பயந்து பயந்து தேய்த்தாள். துப்பியதை ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்தாள். முதல் வாரம் சிவப்பு, அப்புறம் வெளிர் சிவப்பு. மூன்றாவது வாரம் வெறும் நுரைதான். நம்பாமல் இன்னொரு தடவை துப்பிப் பார்த்தாள்.

அசைந்த பல் மட்டும் முழுசாக இறுகவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றிருக்கிறார்கள். அந்தத் தேதியைக் கணவர் தன் டியூட்டி அட்டவணையில் வட்டம் போட்டு, அன்றைக்கு லீவும் கேட்டுவிட்டார்.