வலது கையால் இரண்டு தடவை

என் மனைவியின் அண்ணன் பாடுகிற ரொக் இசைக்குழுவை ஒரு காலத்தில் கண்டியில் எவரும் பெரிதாக மதித்ததில்லை. மச்சான் பாட்டு, மடவளைக்காரர் ஒருவர் பேஸ் கிட்டார், கட்டுகஸ்தோட்டைச் சிங்கள நண்பர் ஒருவர் டிரம்ஸ். உயிரைக் கொடுத்து வாசிப்பார்கள். ஆனால் அவர்கள் போட்ட ஒரே கசெட் கடைகளில் தூசி பிடித்துக் கிடந்தது. பிறகு குடும்பம், வேலை என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

பதினைந்து வருடம் கழித்து மச்சான் புதுப் பாட்டுகளோடு மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய நண்பர்கள் இருவரும் மறுபடி சேரச் சம்மதித்துவிட்டார்களாம். பாட்டுகளில் பழைய கத்தல் இல்லை. ஒரு தடவை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்கிற மெட்டுகள். எல்லாவற்றிலும் பியானோதான் முன்னால் நிற்க வேண்டும் என்றார்.

"பியானோவுக்கு யாரு?" என்று கேட்டேன்.

"நீங்கதான் மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை பஜனையில ஆர்மோனியம் வாசிக்கிறீங்கல்ல? அதே கட்டைதானே."

நானும் அப்படித்தான் நினைத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆர்மோனியமும் கேட்டுக் கேட்டு வந்ததுதான். முருகனே கூப்பிடுகிறான் என்று எண்ணிச் சம்மதித்தேன்.

முதல் ஒத்திகையிலேயே குட்டு வெளிப்பட்டது. ஆர்மோனியத்தில் வலது கை வாசிக்கும், இடது கை துருத்தியை அசைக்கும். எத்தனையோ வருடப் பழக்கம். பியானோவிலோ இரண்டு கையும் வாசிக்க வேண்டும், கீழ்ச் சுரங்கள் இடது கைக்கு. பியானோ முன் உட்கார்ந்ததும் என் இடது கை தானாக முன்னே நீண்டு வெறும் இடத்தில் அசைந்தது. மடவளைக்காரர் சிரித்தே விட்டார்.

"சாமி, இதுக்குக் காத்தடிக்கத் தேவல்ல!"

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் மடியிலிருந்த பையின் மேல் இடது கை விரல்களை ஓட்டிக்கொண்டே போவேன். சாப்பாட்டு மேசையிலும் அதேதான். பூசையில் கும்பிட்டு நிற்கும்போதுகூட அந்தக் கை விரல்கள் துடிக்கும். சாமிக்கு முன்னால் கூசிப் போவேன்.

"முடியலைன்னா அண்ணன்கிட்ட சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"சொன்னா வேற ஆளப் போட்டுடுவாரு."

"போடட்டுமே!"

விட எனக்கு மனமில்லை. ஆசை வந்துவிட்டது.

ஒலிப்பதிவு நாளில் நாலு தடவை தடுமாறினேன். பதிவு செய்த தம்பி நல்ல பிள்ளை. "அங்கிள், கீழ்ப் பகுதிய முதல்ல வலது கையால வாசிங்க. அப்புறம் மேல் பகுதியையும் அதே கையால வாசிங்க. நான் ஒண்ணாச் சேத்துர்றேன்" என்றான். ஒரே பகலில் வேலை முடிந்தது.

பாட்டுகள் பதிந்த இறுவட்டு வெளிவந்தது. த்ரீவீலர்களில் எங்கள் பாட்டு ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். மச்சான் பத்து வயது குறைந்தவர்போல் நடந்தார். வெள்ளிக்கிழமை கோயிலில் பூசகர் ஐயா என் தோளைத் தட்டி, "ரெண்டு கையும் என்னமா பேசுது!" என்றார்.

"எல்லாம் முருகன் செயல்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. என் பொய்யைக் கொண்டுபோய் அவன் தலையில் அல்லவா கட்டிவிட்டேன்! அதன் பிறகு பஜனையில் மனம் ஒட்டவே இல்லை.

அடுத்து நகரத்தில் மேடை நிகழ்ச்சி. மச்சான் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். "கீழ்ச் சத்தத்த மெஷின்ல போட்டு விடுறோம். நீங்க இடது கைய மேல வச்சு சும்மா அசைங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"அசைக்க மாட்டேன் மச்சான். மடியில வச்சிட்டு ஒரு கையாலதான் வாசிப்பேன்."

அவர் முகம் சிவந்தது. "இத்தனை வருஷம் ஒருத்தன் எங்களத் திரும்பிப் பாக்கல. இப்ப பாக்கறப்ப நீங்க பாவ புண்ணியம் பேசுறீங்க!"

அவர் சொன்னதும் நியாயம்தான். என்னால் அந்தக் குழு மறுபடி சரிந்தால் அவர் இன்னொரு முறை எழுந்திருக்க மாட்டார். ஆனாலும் நான் அசையவில்லை. மடவளைக்காரர்தான் இடையில் வந்தார். "உடுங்க மச்சான். கீழ் வேலைய நான் கிட்டார்ல பாத்துக்கொள்றன்."

மேடையில் முதல் பாட்டு மெலிந்துதான் ஒலித்தது. மச்சான் திரும்பி என்னை முறைத்தார். என் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பாட்டின் பல்லவிக்குச் சனம் தானாகவே வாய் திறந்து பாடத் தொடங்கியது. அதற்குப் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வரும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவுமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசகர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கற்பூரத் தட்டோடு நின்று கேட்டார்.

"அப்ப அந்த ரெண்டாவது கை யாரோடது?"

"அதுவும் இதே கைதான் ஐயா."

என் கையைப் பார்த்தார். "சரி, சரி. சுருதியப் பிடிங்க, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.