திரைக்குப் பின்னால் கேட்ட வளையல் சத்தம்

முன்சீப் சொக்கலிங்கம் காலமானார் என்று அவர் மகன் எழுதிய கடுதாசி போன வியாழக்கிழமை வந்தது. வேலூர்க் கோர்ட்டில் அவரிடம் வேலை பார்த்த நம்மில் பாதிப்பேர் அவரைத் திட்டியவர்கள்தாம். நான் கொஞ்சம் ஜாஸ்தியாகவே திட்டியவன். உருதில் சொல்லும் சாட்சியத்தை மொழிபெயர்த்து எழுதுவது என் வேலை. அவரோ ஒரு சாட்சிக்கே அரை நாள் எடுப்பார்.

ஆம்பூர் ஜைனப் பீ வழக்கு சிலருக்கு ஞாபகமிருக்கும். கணவர் இறந்த எட்டாம் மாதம், குடியிருக்கும் வீட்டை விட்டுக்கொடுத்ததாக அந்த அம்மாள் கைநாட்டு வைத்த பத்திரத்தைக் காட்டி, காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார் தோல் மண்டிக்காரரான கொழுந்தனார். அந்நிய ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்மணி, கோர்ட்டுக்கு வரமாட்டார். வேறு யாரையும் அனுப்பாமல் முன்சீப் தாமே கிளம்பினார், என்னையும் இழுத்துக்கொண்டு.

கூடத்தில் திரை கட்டியிருந்தார்கள். நான் கேட்கக் கேட்க, உள்ளிருந்து கணீரென்று பதில் வந்தது. "மனசார எழுதிக் கொடுத்தேன். எனக்கு வீடு வேணாம்." எழுதி, மையை ஒற்றி, கைநாட்டுக்கு நீட்டினேன். முன்சீப் கையமர்த்தினார்.

"வளையல் சத்தம் கேக்கலையா உங்களுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு பதிலோடும் கண்ணாடி வளையல் கலகலத்திருந்தது. அங்கே முஸ்லிம் வீடுகளில் கணவர் போனதும் வளையலைக் கழற்றிவிடுவார்கள். ஆம்பூரிலேயே பிறந்த எனக்கு அது தெரியாதா என்ன? தெரிந்தும் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசியது ஜைனப் பீ இல்லை, பக்கத்தில் இருந்த கொழுந்தனார் மனைவி.

முன்சீப் சத்தம் போடவில்லை. கொழுந்தனாரை வெளியே அனுப்பினார், மற்றப் பெண்களை உள்கட்டுக்குப் போகச் சொன்னார். ஆள் அனுப்பி வரவழைத்த ஜைனப் பீயின் அண்ணன் திரையை விலக்கிப் பார்த்து, இருப்பது தன் தங்கைதான் என்றார். பிறகு என் வாயால் ஒரே ஒரு கேள்வி: "இந்த வீடு உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

மறுபடி கேட்க வாயெடுத்தேன்.

"அவசரப்படாதீங்க. பயம் தெளிய நேரமாவும்" என்றார் முன்சீப்.

மசூதியில் பாங்கு சொல்லி, தொழுகையும் முடிந்து, தெருவில் ஜனங்கள் வீடு திரும்பும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் மெல்லிய குரல் ஒன்று வந்தது. "வேணும். நான் வேற எங்க போவேன்?"

முதலில் எழுதிய தாளைக் கிழிக்கப் போனேன். "கோடு மட்டும் போடுங்க. நாம ஏமாந்ததும் ரிகார்டுல இருக்கட்டும்" என்றார். வீடு அந்த அம்மாளுக்கே நிலைத்தது.

வழக்கை மெதுவாக முடிக்கிறார் என்று மேலிடத்திலிருந்து அவருக்குக் கடிதம் மேல் கடிதம் வந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் சப் ஜட்ஜ் ஆனார்கள். அவர் முன்சீப்பாகவே பென்ஷன் வாங்கினார். வருத்தமில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "இல்லாம எப்படி? ராத்தூக்கம் கூட கம்மிதான்" என்று சிரித்தார். என்னைவிட ஆறு வயது இளையவர். அவர் போய் நான் இருப்பது எனக்கு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போனேன். அதே வீடு, அதே கூடம். அந்த அம்மாளின் அண்ணன் உட்காரச் சொன்னார். திரைக்கு இந்தப் பக்கமிருந்து சேதியைச் சொன்னேன். பழைய ஆளாயிருந்தால் காதில் விழவில்லையோ என்று இன்னொரு தரம் கத்தியிருப்பேன். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது இது ஒன்றுதான்.

வெகுநேரம் கழித்து ஜைனப் பீ கேட்டார்: "அன்னிக்கு நான் பேசற வரைக்கும் உக்காந்திருந்தாரே, அவரா?"