வேலியோரக் கௌதாரி

கௌதாரியின் காதோரம் ஒட்டிக்கிடக்கும் உண்ணியை, அதன் தலை அறுந்து தோலுக்குள் தங்கிவிடாமல் இடுக்கியால் எடுப்பதில் சௌந்திரத்தை மிஞ்ச ஆளில்லை. நாலு வருடமாக அதுதான் அவள் பிழைப்பு. சேந்தமங்கலத்தைச் சுற்றியுள்ள கரட்டுக் குன்றுகளில் விடியலில் வலை கட்டுவாள். விழுந்த பறவையின் கண்ணைத் துணியால் மூடி, உண்ணியை எடுத்துக் குப்பியில் போட்டுவிட்டுப் பறவையைப் பறக்க விடுவாள். அந்த உண்ணிகளில் காய்ச்சல் வைரஸ் இருக்கிறதா என்று சேலத்து ஆய்வாளர் ஜோஸ்லின் பார்த்துச் சொல்வார்.

அந்த வேலையில் அவள் சேர்ந்ததே குழந்தைவேலைப் பழிவாங்கத்தான்.

அவள் புருஷன் அம்மாசி, குழந்தைவேலின் கோழிப்பண்ணையில் வேலிப்புதர் வெட்டியவன். உண்ணி கடித்துக் காய்ச்சலில் விழுந்தான். பண்ணையில் காய்ச்சல் என்று பேர் கெட்டால் முட்டை விலைபோகாதே! குழந்தைவேல் ஆஸ்பத்திரிக்கே வந்து, "இவன் நம்ம பண்ணை ஆளே இல்லீங்க. குடிச்சுப்போட்டு எங்கியோ உழுந்து கெடந்திருப்பான்" என்றான். சாராய வாடையே ஆகாத மனுஷன் அம்மாசி. ஆறாம் நாள் செத்துப்போனான். குடிகாரன் செத்தான் என்றே ஊர் பேசியது. பண்ணை வேலியோர உண்ணியிலேயே வைரஸ் இருக்கிறதென்று காட்டிவிட்டால் அந்தப் பேச்சு பொய்யாகும், குழந்தைவேலும் மாட்டுவான் என்றுதான் அவள் வலையைத் தூக்கினாள்.

இந்தத் தை மாதம்தான் அந்தப் பண்ணை வேலியோரம் வலை கட்டும் முறை வந்தது. மூன்று நாள் காத்தும் விழுந்தது ஒரே கௌதாரி. அதில் இரண்டே உண்ணி. பாவி மருந்தடித்துச் சுத்தமாக வைத்திருக்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் ஊர்க் கரட்டில் பிடித்த பறவைகளிலோ உண்ணி மொய்த்தது. வைரஸ் இருந்தால் அதில்தான் இருக்கும்.

இடத்தின் பேரைப் பென்சிலால் சீட்டில் எழுதிக் குப்பியில் கட்டுவது வழக்கம். திரும்பும் வழியில் ஜீப்பில் உட்கார்ந்தபடியே இரண்டு குப்பிகளின் சீட்டையும் மாற்றிக் கட்டினாள். 'மாட்டுனடா' என்று கறுவிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து ஜோஸ்லின் வந்தார்.

"பண்ணை வேலியோரம் ஒண்ணுமில்லக்கா. உங்க ஊர்க் கரட்டுலதான் இருக்கு. குப்பியில இருந்தது ரெண்டே உண்ணி, ரெண்டுலயும் வைரஸ்."

சௌந்திரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது வேலியோரக் குப்பிங்க! சீட்டை மாத்துனது நாந்தானுங்க. என்னைய வேலைய உட்டு அனுப்புங்க, ஜெயில்லகூடப் போடுங்க. அந்தப் பண்ணைக்காரனை மட்டும் உட்றாதீங்க!"

ஜோஸ்லின் கையை விடுவித்துக்கொண்டார்.

"ஒரு சீட்டு மாறினா மத்த எதையும் நம்ப முடியாதுக்கா. நீங்க எடுத்தது எதுவுமே இனிச் செல்லாது."

"அப்ப மறுக்கா வலை கட்டலாமுங்க."

"போன வாரமே பண்ணைக்காரங்க அந்த வேலிக்காட்டை ஜேசிபி வெச்சு வழிச்சுட்டாங்களே."

சௌந்திரம் மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ சாமி, எங்கூட்டுக்காரரைக் கடைசி வரைக்கும் குடிகாரனாவே ஆக்கிப்போட்டனே!"