கோவாச்சின் பித்தளைப் பெயர்ப்பலகை

பித்தளை துலக்கும் திரவத்தின் மணம் மூக்கில் ஏறினால், எந்தக் கிழமையாக இருந்தாலும் எனக்கு அது ஞாயிற்றுக்கிழமைக் காலைதான். லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஹங்கேரிக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். ஞாயிறு விடிந்தால் பழைய காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, கதவில் அடித்திருந்த தன் பெயர்ப்பலகையை மூச்சு வாங்கத் தேய்ப்பார். அந்த மணமும், அவருடைய அடுப்பில் பன்றிக் கொழுப்பில் வதங்கும் வெங்காயத்தின் மணமும் கைகோத்துக்கொண்டு படியேறி மேலே வரும். அம்மா யன்னலைத் திறந்துவிட்டு, "தொடங்கிட்டார்" என்று முணுமுணுப்பார்.

பலகையில் "கோவாச் இஷ்ட்வான்" என்று இருந்தது. இஷ்ட்வான் அவருடைய பெயர், கோவாச் குடும்பப் பெயர். அவருடைய நாட்டில் குடும்பப் பெயர்தான் முன்னால் வருமாம். தபால்காரர் முதல் கவுன்சில் ஆட்கள் வரை எல்லோரும் அதைத் திருப்பிப் போட்டே அழைத்தார்கள். அவரும் சளைக்காமல் ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தித் திருத்தினார். நின்றவருக்கு ஒரு பாடமும் இலவசம். கோவாச் என்றால் இரும்படிப்பவர், கொல்லர். அந்தச் சொல்கூடத் தங்களுடையதல்ல, பக்கத்திலிருந்த ஸ்லாவியரிடம் வாங்கியது என்று சொல்லிச் சிரிப்பார். குதிரைக்கு லாடம் அடிக்கவும் கலப்பைக்குக் கொழு அடிக்கவும் ஊருக்கு ஒரு பட்டறை இருந்ததாம், பட்டறைக்கு ஒரு கோவாச் இருந்தானாம், அதனால்தான் இன்று ஹங்கேரியில் எந்தத் தெருவில் கல்லெறிந்தாலும் ஒரு கோவாச்சின் தலையில் விழுமாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "கோவாச்" என்று கூப்பிட்டால் அரை வகுப்பு எழுந்து நிற்குமாம். அதைச் சொல்லும்போது ஏதோ தன் பெயரில் நாடே எழுந்து நிற்பதுபோல அவருடைய நெஞ்சு நிமிரும்.

எங்கள் கதவில் இலக்கம் மட்டும்தான் இருந்தது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இந்த நாட்டுக்கு வந்தபோது அப்பாவின் பெயரையே எங்கள் எல்லோருக்கும் பின்னால் ஒட்டிவிட்டார்கள். அதில் தொழில் தெரியாது, ஊர் தெரியாது. "அது நல்லதுக்குத்தான்" என்று அப்பா அடிக்கடி சொல்வார். ஏன் நல்லது என்று பன்னிரண்டு வயதில் எனக்கு விளங்கவில்லை. லண்டனில் தமிழர் இருவர் சந்தித்தால் சுகம் விசாரித்த கையோடு "ஊரிலை எவடம்?" என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால் ஊருக்குள் எந்தக் குறிச்சி என்று கேட்பார்கள், குறிச்சியைச் சொன்னால் எந்தக் கோயிலடி என்பார்கள், பிறகு பாட்டனாரின் பெயர். அந்தப் படிகளில் இறங்கி முடியும்போது, வாய் திறந்து சாதியைக் கேட்காமலே "ஆற்றை ஆக்கள்", யாருடைய ஆட்கள், என்பதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கேட்டவர் மரியாதையும் கெடாது. அப்பா முதற்படியிலேயே கதவைச் சாத்திவிடுவார். "கொழும்பு. நாங்கள் சின்னனிலேயே கொழும்புக்கு வந்திட்டம்." எனக்கும் அக்காவுக்கும் அந்த வாசகத்தை வாய்ப்பாடுபோலச் சொல்லித் தந்திருந்தார்.

அப்பா பெற்றோல் ஸ்ரேஷன் ஒன்றில் வேலை செய்தார். அவருடைய ஆங்கிலம் அந்தக் கவுண்டருக்குப் போதும், கோவாச்சின் கதைகளுக்குப் போதாது. அதற்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். ஒரு ஞாயிறு, ஷிப்ட் முடிந்து வந்தவரைக் கோவாச் வாசலில் பிடித்துக்கொண்டார். முன்னொரு காலத்தில் ஜெர்மன் பெயர் வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள், தாங்களும் ஹங்கேரியர் என்று காட்ட, தங்கள் பெயரைக் கோவாச் என்று மாற்றிக்கொண்ட கதையை அன்று சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"விரும்பியே எடுத்தவை? வடிவாய்க் கேள்."

கேட்டேன். விரும்பித்தான் எடுத்தார்கள் என்றார் கோவாச். அப்பா சற்று நேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "என்ரை அப்பாவும் கொல்லன்தான், இரும்படிச்சவர் எண்டு சொல்லு" என்றார். எனக்கு அது புதிய செய்தி. என் அப்பப்பா யார் என்பதை, அவரை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டி வந்தபோதுதான் நான் அறிந்துகொண்டேன். கோவாச் காலுறை மாட்டிய கையோடே அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்பாவின் சட்டையில் கறுப்புக் கறை பிடித்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை, பின்னும் காணவில்லை.

படியேறும்போது என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இது எங்கடை ஆக்கள் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. இவர் வெள்ளைக்காரன், இவருக்கு இதுகள் விளங்காது. அதாலை பயமில்லை."

அடுத்த கோடையில் அக்காவுக்கு ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒரு "பேச்சுக்கால்" வந்தது. மாப்பிள்ளை பொறியியலாளர், இங்கே பிறந்தவர். அக்காவும் அவரும் சில தடவை வெளியே சந்தித்துப் பேசினார்கள். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. அக்கா கண்ணாடிக்கு முன்னால் சும்மா சும்மா சிரித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். சாதகம் மிக நன்றாகப் பொருந்துகிறது என்று ஐயர் சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை அவர்கள் குடும்பமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா பயத்தம் பணியாரமும் லட்டும் செய்திருந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா லட்டை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, இரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஊரிலை எவடம்?" என்றார். அப்பா கொழும்பு வாசகத்தைச் சொன்னார். "அது சரி. கொழும்புக்கு முன்னம்?" என்றார் சித்தப்பா.

அப்பொழுதுதான் கோவாச் படியேறி வந்தார். பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மாவே அவருக்குச் சொல்லியிருந்தார். இஸ்திரி போட்ட கோட்டும், கசகசா வைத்துச் சுருட்டிய கேக்கும், வாய் நிறைய வாழ்த்துமாக வந்தவர், எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு அப்பாவின் தோளில் கைபோட்டுக்கொண்டார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்: "நான் பெயருக்குத்தான் கோவாச். என் தாத்தா தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர். உண்மையான கோவாச் இவர். இவருடைய தகப்பன் கொல்லர், இரும்படித்தவர். நீங்கள் நல்ல குடும்பத்தில் பெண் எடுக்கிறீர்கள்."

அதை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா "அப்பிடியோ" என்றார். கையிலிருந்த லட்டைத் தட்டில் திருப்பி வைத்தார். அம்மா கொண்டுவந்த தேத்தண்ணியைப் பார்த்து, "எனக்குச் சீனி வருத்தம், குடிக்கிறேல்லை" என்றார். ஒரு லட்டை விழுங்கி முடித்த வாய்க்கு அப்போதுதான் நீரிழிவு வந்தது. மற்றவர்களுக்கும் குடிக்காமலிருக்க ஒவ்வொரு காரணம் இருந்தது. மாப்பிள்ளை தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோவாச் மட்டும் கேக்கை வெட்டக் கத்தி கேட்டுக்கொண்டு நின்றார்.

அடுத்த கிழமை தொலைபேசி வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். பொருந்திய சாதகம் எப்படிக் குழம்பியது என்று அம்மா கேட்கவில்லை. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அவர் என்னவாம்?" அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "அவர் தாய் தேப்பன் சொல் கேக்கிற பிள்ளையாம்" என்றார். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு எந்தப் பேச்சுக்காலுக்கும் அவள் சம்மதிக்கவில்லை. இப்போதும் ஸ்ட்ரெதமில் தனியாகத்தான் இருக்கிறாள்.

எனக்கு ஆறாதது அதுகூட இல்லை. அப்பா அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. கோயிலில் சித்தப்பாவைக் கண்டபோது முந்திக்கொண்டு கைகூப்பியவர் அப்பாதான். கோபம் எல்லாம் கோவாச்சின் மேல் இறங்கியது. அவரோடு பேச்சை நிறுத்தினார். ஞாயிறு காலையில் வாசலைத் தவிர்க்க, பின்வழியால் போய்வந்தார். கோவாச் என்ன பிழை விட்டேன் என்று கேட்டுப் பலமுறை மேலே வந்தார். "அப்பா நித்திரை எண்டு சொல்லு" என்று எனக்கு உள்ளிருந்து உத்தரவு வரும். கடைசியாக வந்த நாளில், "இரும்படித்தவர் என்று சொன்னதில் என்ன வெட்கம்?" என்று என்னையே கேட்டார். அவருக்கு விளங்காது, அதனால் பயமில்லை என்றுதானே அப்பா நம்பினார். விளங்காதபடியால்தான் மனிதர் அதைப் பெருமை என்று நினைத்து ஊரறியச் சொன்னார். அவருக்கு விளக்கிச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. இன்று எவ்வளவோ ஆங்கிலம் இருக்கிறது, கேட்க அவர் இல்லை.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பொத்தானை அமுக்கித் திறக்கும் கதவு, வரிசையாக இலக்கங்கள், எவருடைய பெயரும் இல்லை. அம்மா போய்விட்டார். அப்பா என்னோடு இருக்கிறார். ஞாபகம் ஒவ்வொன்றாய்க் கழன்றுகொண்டு வருகிறது. அம்மா கடைக்குப் போயிருப்பதாக நினைக்கிறார். அக்காவை யாரென்று கேட்கிறார். என்னைச் சில நாட்களில், சின்ன வயதில் செல்லமாகக் கூப்பிட்டதுபோல, "தங்கச்சி" என்கிறார், சில நாட்களில் அதுவும் இல்லை. கோவாச்சின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அந்தக் கோபமாவது மறந்து தொலைந்ததே என்று ஆறுதல் பட்டேன்.

போன மாதம் அவரைப் பராமரிக்கப் புதிதாக ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். நல்ல பிள்ளை. தலையைத் துவட்டிக்கொண்டே அன்பாக, "ஐயா ஊரிலை எவடம்?" என்று கேட்டாள். காலையில் தன் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாமல் தடுமாறிய அப்பா சட்டென்று நிமிர்ந்தார்.

"கொழும்பு, பிள்ளை. நாங்கள் சின்னனிலேயே கொழும்புக்கு வந்திட்டம்."