ஆண்கள் பக்கத்து மறுமொழி

எங்கள் பங்குக் கோவிலில் செபமாலையில் உருட்டும் ஒவ்வொரு மணிக்கும், செபத்தின் முற்பாதியைப் பெண்கள் பக்கம் சொல்லும். பிற்பாதியை ஆண்கள் பக்கம் சொல்ல வேண்டும். ஆண்கள் பக்கத்துப் பெஞ்சுகள் காலியாகி நெடுநாளாயிற்று. ஆயினும் பெண்கள் அந்தப் பிற்பாதியைத் தாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. அதைச் சொல்லி முடிக்க ஆகும் நேரம்வரை மௌனமாகக் காத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அம்மாவின் அடக்கப் பூசைக்குப் பிறகு, இரண்டு ஆண்டுகளாக, அப்பா உள்ளே கால்வைக்கவில்லை. சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, மற்ற ஆண்களோடு வெளியே பைக்குகளின் அருகில் நின்றுவிடுவார். கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நான் பங்குத்தந்தையிடம் சொன்னேன்: "பத்து நிமிஷம் மைக்க குடுங்க ஃபாதர். எங்கப்பா என்ன, ஆம்பளைங்க அத்தன பேரும் உள்ள வந்துடுவாங்க." பேச்சுப் போட்டி மேடைகளில் கோப்பைகள் வென்ற நாவு, அது தோல்வியை அறிந்ததில்லை. செபமாலை முடிந்ததும் பேசு என்றார் அவர்.

அன்று அந்தி மங்குகையில் ஆண்கள் பக்கத்தில் நான் ஒருவனே இருந்தேன். பெண்கள் முற்பாதியை முடித்தார்கள். மௌனம் விழுந்தது. அதற்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் முணுமுணுத்தது. பின் பல குரல்கள், காலிப் பெஞ்சுகளில் முழந்தாளிட்டிருப்பவர்கள் சொல்வதுபோல. அச்சத்தை மறைக்க, மேடைக்குரலெடுத்துப் பிற்பாதியை முழங்கினேன். முணுமுணுப்பு அறுந்தது. அடுத்த மணிக்கும் முழங்கினேன். என் குரல் மட்டுமே சுவரில் மோதித் திரும்பியது.

நடைவழிக்கு அப்பாலிருந்த ஒரு பெரியம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"எப்பா பேச்சாளரு, கொஞ்சம் வாய மூடுறியா? அது அவங்க பங்கு."

"யாரு பெரியம்மா? இங்கதான் யாருமே இல்லியே."

"ஜன்னலுக்கு அந்தாண்ட நிக்கிறவங்க யாரு? உங்கப்பன்தான் மொதல்ல ஆரம்பிப்பான். என்னிக்காவது உள்ள வருவாங்கன்னுதான் நாங்க காத்துக்கினு இருக்கோம். நீ வந்து கெடுத்துட்ட."

நான் நிறுத்திக்கொண்டேன். பெண்கள் மீண்டும் சொல்லி நிறுத்தினார்கள். எந்தக் குரலும் எழவில்லை. அடுத்த மணிக்கும் எழவில்லை. அப்பாவை நானே விரட்டிவிட்டேன் என்று தோன்றியது. பிரார்த்தனையைக் கேட்டுக்கொண்டிருந்த எதுவோ எழுந்து போய்விட்டதைப்போல் அந்த மௌனம் குளிர்ந்திருந்தது.

முதுகுக்குப் பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. திரும்பும் துணிவு எனக்கில்லை. எந்திர எண்ணெய் மணத்தது.

"ஏன்டா நிறுத்திட்ட?" அப்பாவின் குரல். "தனியா கத்திக்கினு இருந்த, திடீர்னு சத்தத்தையே காணோம். ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்லப்பா."

"அப்ப சொல்லு."

"நீங்க ஆரம்பிங்க."

பெண்கள் பக்கம் காத்திருந்தது. அவர் தொடங்கினார். நான், குரலைத் தாழ்த்தி, அவருக்குப் பின்னால் சொன்னேன்.