ஞாயிற்றுக்கிழமைத் துப்புரவு

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் அதைத் தன்னுடையது என்று ஒருவர் சொல்லிக்கொள்ள முடியுமா? சொல்லடைவுக்காரர் மாதக்கணக்கில் அப்படித்தான் வாழ்ந்தார். இப்படி ஒரு கேள்வி இருப்பதே அவருக்குத் தெரியாது.

பெரிய புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பொடி எழுத்தில் அகரவரிசையாக ஒரு பகுதி இருக்குமே, அதைத் தயாரித்துக் கொடுப்பது அவர் தொழில். முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பார்ப்பவர்களும் அதை ஒரு மனிதர் உட்கார்ந்து செய்திருப்பார் என்று நினைப்பதில்லை. அவர் இதைக் குறையாகச் சொன்னதில்லை. பெருமையாகச் சொல்லவும் கேட்க ஆள் இல்லை.

மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவரும் அதில் தொங்கும் ஏ.சி. பெட்டிகளும். இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் அச்சுப்படிகள் உட்கார்ந்திருக்கும். கல்யாணம் முதலில் தட்டிப்போனது, பிறகு தள்ளிப்போனது, பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

கூடப்பிறந்தவள் ஒரு தங்கை. தூர தேசத்தில் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் கூப்பிடுவாள். ஆரம்பத்தில் அந்தப் பேச்சு நொண்டியது. சாப்பிட்டாச்சா, மழையா, உடம்பு பரவாயில்லையா. அதோடு சரக்கு தீர்ந்துவிடும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

அவர் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஊர்கிறது என்று ஒருநாள் சொல்லப்போக, நிலைமை மாறியது. அங்கிருந்தபடியே இவர் கம்ப்யூட்டருக்குள் நுழைகிற வழியை அவள் ஏற்பாடு செய்தாள். வைரஸ் பிடிக்கவும் குப்பை கூட்டவும் ஒரு மென்பொருளைப் போட்டாள். ஞாயிறுதோறும் அதை ஓட்டுவது வழக்கமாயிற்று. இவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, திரையில் அம்புக்குறி தானாக நகரும். அது ஓடி முடிகிற வரை பேச்சும் ஓடும்.

"அண்ணா, என்ன இது, டெஸ்க்டாப்புல இவ்வளவு கசகசன்னு? வீட்டையும் இப்படித்தான் வச்சிருக்கியா?"

"வீட்டுக்கு நீ வந்து பாரு."

"வந்தா உக்கார நாற்காலி இருக்கா?"

"பேப்பரை எடுத்துட்டா இருக்கு."

அந்த மென்பொருள் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த காவல்காரனைப் போல. வெகுநாள் பழகிய அகராதி நிரலை, யார் செய்தது என்று தெரியவில்லை என்று பிடித்து உள்ளே வைத்தது. சேமித்திருந்த கடவுச்சொற்களையெல்லாம் துடைத்தது. திங்கட்கிழமைக் காலைகளில், சொந்த மின்னஞ்சலின் வாசலில் வேற்றாள் மாதிரி நின்று, தான் தான்தான் என்று அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் அவர் தங்கையிடம் சொன்னதில்லை. "வேகமாயிருக்கா அண்ணா?" என்றால், "பறக்குது" என்பார்.

அப்போது அவர் கையிலிருந்தது சாக்கடைகளின் வரலாறு. தலையணை கனத்தில் ஒரு பேராசிரியர் எழுதியது. முன்னுரையில் அடைவு செய்தவரின் பெயரையும் போடச்சொல்லிப் பேராசிரியர் எழுதியிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் பெயர் அச்சேறப் போவது அதுவே முதல் தடவை. கோடை முழுக்க அதிலேயே கிடந்தார். 'கசிவு' என்று தேடுபவரை 'குழாய்' பக்கம் அனுப்புவதா, 'குழாய்' என்று தேடுபவரை 'கசிவு' பக்கம் அனுப்புவதா என்று ஒரு முழு மத்தியானம் யோசித்தார்.

பதிப்பகம் மாதிரிக்கென்று மின்னஞ்சலில் ஒரு கோப்பு அனுப்பியிருந்தது. அதை மின்னஞ்சலிலேயே திறந்து, அதற்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிட்டார். மாலையில் சேமிப்பதற்கான பொத்தானை அமுக்குவார். மறுநாள் 'கடைசியாகத் திறந்தவை' பட்டியலில் முதலில் நிற்கும் பெயரை அமுக்குவார், திறந்துகொள்ளும். கோப்பு எந்த இடத்தில் கிடக்கிறது என்று பார்க்க அவசியம் நேரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை, "இன்னிக்குக் கொஞ்சம் ஆழமா கூட்டிடலாம்" என்றாள். கூட்டினாள். திங்கட்கிழமை அந்தப் பட்டியல் வெறுமையாக இருந்தது. தேடிப் பார்த்தபோது கோப்பும் இல்லை.

கம்ப்யூட்டர் மெக்கானிக் சனிக்கிழமைதான் வந்தார். அச்சுப்படிகளைத் தரையில் இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, எதையோ தட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"சார், மெயில்லயே திறந்தா, கம்ப்யூட்டர் அந்தக் கோப்பைத் தற்காலிக இடத்துலதான் வைக்கும். நீங்க வெயிட்டிங் ரூம்ல குடித்தனம் பண்ணியிருக்கீங்க. கூட்டறவன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல."

"கிடைக்காதா?"

"கிடைக்கும். அழிச்சது உடனே போயிடாது. அந்த இடம் காலின்னு குறிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான். மேல வேற எதுவும் எழுதாத வரைக்கும் தோண்டி எடுக்கலாம். இந்தச் சாப்ட்வேர்ல காலி இடத்தையும் துடைக்கறதுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. நல்லவேளை, அதுல டிக் போடல. போட்டிருந்தா ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது. திங்கக்கிழமை அதுக்கான சாமானோட வரேன். அதுவரைக்கும் இதைத் தொடாதீங்க. யார் போட்டுக் கொடுத்தது இதை?"

"வேண்டியவங்க."

"நல்லா வேண்டியவங்க."

பதிப்பாசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "திங்கக்கிழமை கிடைச்சிட்டா பரவாயில்ல சார். இல்லேன்னா அடைவு இல்லாமலேதான் அச்சுக்குப் போகணும். முன்னுரைல அந்த வரியையும் எடுத்துடுவோம், என்ன பண்றது."

ஞாயிறு சாயங்காலம், சொல்லப்போனால் அவர் கம்ப்யூட்டரைப் போட்டிருக்கவே கூடாது. போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது.

"அண்ணா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தண்ணி குடிச்சேன்."

"சாக்கடை எந்த அளவுல இருக்கு?"

"ஓடிட்டிருக்கு."

அவள் சிரித்தாள். தன் ஊரில் மூன்று நாளாக விடாத பனி என்றும், வாரம் பூராவும் பேசியது அலுவலகத்து இயந்திரங்களோடுதான் என்றும், அண்ணன் கம்ப்யூட்டர் ஒன்றுதான் தன் பேச்சைக் கேட்கிறது என்றும் சொன்னாள். அம்புக்குறி நகர்ந்து அந்த மென்பொருளைத் திறந்தது.

"போன வாரம் ஒண்ணை விட்டுட்டேன். காலி இடத்தையும் துடைச்சிடணும். நேரம் பிடிக்கும். உனக்கு இப்ப வேலை எதுவும் இல்லையே?"

அம்புக்குறி டிக் போடுகிற சின்னக் கட்டத்தின் மேல் நின்றது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் ஒரு கோடை முழுக்க அவர் செய்த வேலையைத் துடைத்தது யார் கை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார். மவுஸைத் தொட்டு அம்பை இழுத்துவிடவும் முடியும், அவர் கைக்கும் அவள் கைக்கும் அது பொதுவானதுதான்.

"அண்ணா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"போடட்டா?"

"போடு," என்றார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"ராத்திரி வரைக்கும் ஆகும்போல. நீ பாட்டுக்குப் போய்ச் சாப்பிடு."

"பரவாயில்ல. பேசிட்டிரு."

திங்கட்கிழமை மெக்கானிக் வந்தார். சாமானைச் செருகினார், வெகுநேரம் திரையையே பார்த்தார், செருகியதைப் பிடுங்கினார்.

"தொடாதீங்கன்னு அவ்வளவு சொன்னேனே சார். துடைச்சு எடுத்தாச்சு. யார் ஓட்டுனது?"

"நான்தான்," என்றார் சொல்லடைவுக்காரர்.

"ஏன் சார்?"

அவர் தரையில் கிடந்த அச்சுப்படிகளை எடுத்துத் தட்டி அடுக்கினார். மெக்கானிக் பையை மூடி எழுந்ததும், அவற்றை நாற்காலியில் வைக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வந்தால் உட்கார நாற்காலி காலியாக இருந்தது.